வாசிக்க மட்டும்தான்

நீங்க நடிக்காதீங்கப்பா, என்றாள்.
வாசிச்சாப் போதும்.

வாசிப்பதுதானே என் தொழில்.
களுதாவளையிலிருந்து பெரியகல்லாறு வரைக்கும்
எந்த வீட்டு மீட்டர் எந்தச் சுவரில்,
எந்த நாய் கடிக்கும், எந்த நாய் பேச்சோடு சரி,
இருபத்தொரு வருசம்.
இலக்கத்தை இலக்கமாகவே சொல்லிப் பழகிய வாய்.

விண்ணப்பம் நிரப்பிய இரவு
முதலாவது விருப்பம் என்ற பெட்டியில்
நாடகமும் அரங்கியலும் என்று எழுதிவிட்டு
பேனையை மூடாமல் தாயைப் பார்த்தாள் யதுஷிகா.
நேசமலர் ஒன்றும் சொல்லவில்லை.
குழம்புக்கு உப்புப் போட்டாள். இன்னொருமுறை போட்டாள்.
மூவரும் பேசாமல் தின்றோம்.

கிராம சேவகரின் கையொப்பத்துக்கு இரண்டு நாள்.
சிரிக்க வேண்டாம் என்று ஸ்டூடியோக்காரர் சொன்னதும்
இவளுக்குச் சிரிப்பு. ஏழாவது படம்தான் சரிவந்தது.
பதிவுத் தபால் துண்டை நேசமலர்
சீட்டுக்காசுக் கொப்பிக்குள் வைத்ததை
நான் காணாத மாதிரி இருந்தேன்.

பிறகு கடிதம்: செயன்முறைப் பரீட்சை,
ஐந்து நிமிடம், சொந்தமாக ஒரு காட்சி.
அவள் எழுதியது,
ஒரு பெண். ஒரு சிவப்புப் பில்.
வாசலில் மீட்டர் வாசிக்கிற ஆள்.
அந்த ஆளுக்கு எல்லாமாக நாலு வசனம்.
அன்றைக்கு அவன் இருக்கமாட்டானாம்,
அவள் பார்க்கிற இடத்தில் நிற்பானாம்.
பழகுவதற்குத்தான் நான்.

‘மூணு மாசம் பாக்கி.’ வாசித்தேன்.
‘வெட்டுறது நானில்லம்மா, அது வேற ஆக்கள்.’
வாசித்தேன்.
‘நான் வாசிக்க மட்டும்தான்.’

எப்போது சொன்னேன் இவளிடம்?
ஒருநாள் சோற்றுக் கோப்பைக்கு முன்னாலிருந்து,
பெரியகல்லாற்றில் ஒருத்தி
ஃபிரிட்ஜுக்குள்ள இன்சுலின் இருக்கு, இன்சுலின் இருக்கு என்று
படலை வரைக்கும் பின்னால் வந்த கதையை.
வேடிக்கையாகச் சொன்னேன் போல.

இவள் அழவில்லை. கத்தவுமில்லை.
இல்லாத ஃபிரிட்ஜின் கதவைத் திறந்தாள்,
குளிர் போய்விடுமென்று உடனே மூடினாள்.
அவ்வளவுதான்.
அடுத்தது என் வசனம்.
‘அப்பா, லைன்.’
‘அப்பா.’

மூன்றாவது கிழமை பிடித்துவிட்டாள்.
இண்டைக்கு நடிக்கிறீங்க, குரல் இறங்குது.
அந்தாள் இரங்கினா என்ட காட்சி விழுந்திரும்.
இரங்காமல் வாசித்துப் பார்த்தேன்.
என் வேலை இவ்வளவு கடினமென்று
எனக்கு யாரும் சொன்னதில்லை.

கல்லடி. காலை எட்டரை.
கறுப்பு உடுப்பில் நாற்பது பிள்ளைகள்.
ஒருவன் மதிலோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தான்.
சம்மாந்துறையிலிருந்து மகனோடு வந்த இசாக்லெவ்வை
கச்சான் சரையை நீட்டினார்.
‘உங்கட புள்ள என்ன செய்யுது?’
‘கரண்ட் பில்’ என்றேன்.
‘என்ட மகன் ஆடு’ என்றார்.
இருவருமே சிரிக்கவில்லை.

அவள் உள்ளே போனதும் கதவைச் சாத்தினார்கள்.
வெளியே நின்று என் வசனங்களை
உதட்டால் மட்டும் சொல்லிக்கொண்டு போனேன்.
மூன்றாவதுக்குப் பிறகு ஃபிரிட்ஜ் திறக்கிற நேரம்.
அதைக் கொடுத்தேன்.
மூடுகிற நேரத்தையும் கொடுத்தேன்.

திரும்புகையில் காத்தான்குடி முழுக்க
பஸ் நின்று நின்று ஊர்ந்தது. நான் கேட்கவில்லை.
ஆரையம்பதி தாண்டித்தான் அவளே வாய் திறந்தாள்.
‘ஒரு சேர் கேட்டார்,
அந்த ஆள் பிறகு என்ன செஞ்சான் எண்டு.’
‘என்ன சொன்ன?’
‘தெரியா எண்டன்.’

முடிவு இன்னும் வரவில்லை.
நேசமலர் தபால்காரரின் சைக்கிளுக்குக் காது வைத்திருக்கிறாள்,
கேட்டால் இல்லை என்கிறாள்.

இன்று பெரியகல்லாறு. அதே படலை.
இலக்கத்தைப் பதிந்தேன், பில்லைக் கிழித்தேன்.
உள்ளே எங்கோ ஃபிரிட்ஜ் இரைகிற சத்தம்,
அல்லது அடுத்த வீட்டுத் தண்ணி மோட்டர்.
அடுத்த வளவுக்குப் போக வேண்டியவன்
வாசலிலேயே கொஞ்சம் நின்றேன்,
யாராவது எனக்கு
லைன் எடுத்துக் கொடுப்பார்களென்று.