நான்காவது விஷயம்

நான்காவது விஷயம் வந்தபோது மணி மூன்றரை.
கெளுகோர் மேட்டின்மேல் மழை இருட்டிக்கொண்டிருந்தது.
ஜன்னலில் பாலம் பாதிவரை தெரிந்தது,
மீதியை மேகம் எடுத்துக்கொண்டது.

துப்புரவுப் பெண்கள் நாற்பத்தொரு பேர்.
குத்தகை கைமாறிய மாதம்
சம்பளத்தில் நூற்றிருபது வெள்ளியைக் காணோம்.
நம் துறை சார்பாக ஒரு கண்டனக் கடிதம் போகட்டும்,
முன்மொழிந்தவர் டாக்டர் ரொஹாய்சாட்.
எதிர்க்க யார் இருக்கிறார்கள்?
எல்லோரும் இடதுசாரிகள்.
ஏகமனதாக, என்று எழுதினேன்.
அவசரப்பட்டுவிட்டேன்.

முதல் வரியிலேயே முட்டிக்கொண்டது.
'புரூ' என்றுதான் போடவேண்டும் என்றார் தேவசகாயம்.
'பெக்கெர்ஜா' போதும் என்றார் ஓங் பெங் ஹுய்.
புரூ என்றால் அதற்குள் வேலைநிறுத்தம் இருக்கிறது,
தடியடி பட்ட முதுகு இருக்கிறது.
பெக்கெர்ஜா
அரசாங்கப் பாரத்தில் கட்டம் போட்டு அடைத்த சொல்.
"உங்கள் புரூ செத்து அறுபது வருஷம்."
"உங்கள் பெக்கெர்ஜா இன்னும் பிறக்கவே இல்லை."

அங்கிருந்து உபரி மதிப்புக்குப் போனார்கள்.
கூட்டுகிறவள் உபரியை உண்டாக்குகிறாளா,
உண்டான உபரியைத் தின்கிறாளா?
ஒரு மணி நேரம்.
வெண்பலகை முழுக்க அம்புக்குறிகள்.

எனக்குத் தெரியும், அது உபரியைப் பற்றிய சண்டை இல்லை.
தொண்ணூற்றெட்டில்
துறைத்தலைவர் நாற்காலி ஒருவருக்குப் போய்
இன்னொருவருக்குப் போகாததைப் பற்றியது.
ஒரு அடிக்குறிப்பில் தன் பெயர் விடுபட்டதை
இருபத்தாறு வருஷமாக ஒருவர்
வட்டி போட்டு வளர்த்துவருகிறார்.
(வட்டியைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை
உண்மையிலேயே நல்ல கட்டுரை.)

வாடகை என்பது ஒட்டுண்ணி வருமானம்
என்று எனக்குப் பாடம் எடுத்தவர் தேவசகாயம்.
சுங்கை ஆராவில் அவருடைய இரண்டாவது வீடு.
பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி நேப்பாளிகள் பதினான்கு பேர்,
மூன்று அறை, ஒரு கக்கூஸ்.
அவர் கார் பட்டறையில் கிடந்த மாதம்
உறையை வாங்கிவரப் போனது நான்.
வாசலில் இருபத்தெட்டுச் செருப்பு.
எண்ணினேன். படித்த படிப்பு அப்படி.

ஓங்கை மட்டும் விட்டுவிடவா?
குத்தகைக் குழுவில் ஒப்பமிட்ட ஐவரில் அவரும் ஒருவர்.
ஆகக் குறைந்த விலை கேட்டவனுக்கே கொடுத்தார்கள்.
அந்த விலை
யார் முந்தானை முடிச்சிலிருந்து குறையும் என்று
அன்றைக்கு ஒருவரும் அம்பு போடவில்லை.

ஆறடிக்கப் பத்து நிமிஷம்.
கதவிடுக்கில் மரகதம் அக்கா எட்டிப் பார்த்தார்.
"முடிஞ்சிருச்சா தங்கச்சி? கூட்டிட்டுப் பூட்டணும்.
அஞ்சே முக்கால் வேன் போயிருச்சு."
பேராசிரியர்கள் இருவரும் திரும்பாமலே
ஐந்து விரல் காட்டினார்கள், இன்னும் ஐந்து நிமிஷம்.
அன்று மாலை
அவர்கள் ஒத்துப்போனது அதில் மட்டும்தான்.

கடைசியில், சொல்லைத் தேர்ந்தெடுக்க ஓர் உபகுழு.
மூன்று வாரம் கழித்துக் கூடும்.
"புஷ்பலீலா, குத்தகைக் குழு பேச்சு குறிப்பில் வேண்டாம்."
எழுதவில்லை.
என் ஒப்பந்தம் ஜூனோடு முடிகிறது.
புதுப்பிக்க இரண்டு கையெழுத்து.
ஒன்று மேசையின் இந்த முனையில்,
ஒன்று அந்த முனையில்.

மழை விடவில்லை. கிராப் பிடித்தேன்,
அக்காவும் ஜெலுத்தோங்தான், ஏறிக்கொள்ளச் சொன்னேன்.
காக்கிப் பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்:
"கதவுக்கு வெளிய கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்.
கடைசியா நாங்க எந்தச் சொல்லு?"
"இன்னும் முடிவாகலக்கா."
"நூத்திருபதுக்கு ஒரு சொல்லு இருக்கும்ல,
அத முதல்ல போடச் சொல்லு."

நானூறு வெள்ளி அறை என்னுடையது.
பாதியை முதலாண்டு மாணவி ஒருத்திக்கு
இருநூற்று அறுபதுக்கு விட்டிருக்கிறேன்.
அந்த அறுபதை இதுவரை
எந்தப் பலகையிலும் நான் எழுதிப் பார்த்ததில்லை.

கட்டணம் பதினோரு வெள்ளி.
இறங்கும்போது அக்கா
ஐந்து வெள்ளி ஐம்பது காசை எண்ணி நீட்டினார்,
சரிபாதி.
வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.
கை வாங்கிக்கொண்டது.