அமுக்கினால் எழ வேண்டும்

"அக்கா, அமுக்காதீங்க. வேணும்னா எடுங்க, இல்லாட்டி வெச்சிருங்க"
என்கிறான் கடைப் பையன்.
அமுக்காமல் பன் எடுப்பது எப்படி?
பதினோரு வருசம் செக்கிங் டேபிளில் நின்ற கை இது.
கண்ணை மூடித் தொட்டாலும் பிடித்துவிடும்,
நூற்றி எண்பது ஜிஎஸ்எம் என்று பில் போட்டு வந்த
நூற்றி அறுபதை.

கவரோடு சேர்த்துக் கட்டைவிரலால் ஒரு அழுத்து.
நல்ல பன் மூச்சை விட்டுவிட்டு
மூன்று எண்ணுவதற்குள் மேலே வரும்.
பழசு குழிந்தது குழிந்தபடி கிடக்கும்,
போனஸுக்கு முன்னால் அட்வான்ஸ் கேட்டு
ஆபீஸ் ரூமிலிருந்து வெளியே வந்தவர் முகம் போல.

எள் தூவியது பார்க்க லட்சணம்தான்.
கல்லில் கவிழ்த்தால் பாதி எள் கருகிக் கசக்கும்,
மீதி வாங்குபவர் சட்டையில்.
பால் பன் வேண்டாம். அந்த இனிப்பு
முட்டைக்கும் மிளகுக்கும் நடுவில் புகுந்து
ஒறம்பரை வீட்டுப் பொடுசு மாதிரி எதையாவது பேசும்.
'கோதுமை பன்' என்று பச்சை எழுத்தில் ஒன்று.
திருப்பினால் பொடி எழுத்தில்
மைதா, அப்புறம் நிறமி.
ஏனுங், சாயப்பட்டறை ஊர்க்காரிகிட்டயே
சாயம் காட்டறீங்களா?

சாண்ட்விச் ரொட்டிக்கு வேறு கணக்கு.
கவரோடு வில்லாக வளைக்கணும்.
ஓரம் வெடித்தால் நேற்றைய சரக்கு.
வளைந்து, விட்டதும் நேரானால்
நல்ல ரிப் கழுத்து அது,
எத்தனை தலை போய் வந்தாலும் தளராது.

ஆனாலும் நான் பன் எடுப்பது
திபாகரின் ஒரு கையை நினைத்துத்தான்.
ஒடிசாப் பையன். டபுள் ஷிப்ட் முடிந்து
ஒன்றரை மணிக்கு வண்டிக்கு வருவான்.
இடது கையில் போன். போனில் அவன் மனைவி
தூங்குகிற குழந்தையைக் காட்டிக்கொண்டிருப்பாள்.
மிச்சமிருக்கும் கைக்குள் நிற்க வேண்டும் பன்.
சட்னி ஊறிப் பிய்ந்து
வெங்காயம் ரோட்டில் விழுந்தால் குனிவான்.
அந்த ஊரில் அப்போது
நம் ஊர் வானம் மட்டும் தெரியும்.

இன்றைக்கு நாற்பத்திரண்டு.
பழைய கம்பெனியிலிருந்து ஆர்டர், ஷிப்மெண்ட் ராத்திரி.
சென்னியப்பன்தான் பேசினார்,
அதே சூப்பர்வைசர், அதே இருமல்.
"பன்னு ப்ரெஷ்ஷா இருக்குமில்ல?"
"நான் பாஸ் பண்ணுன பீஸு திரும்பி வந்திருக்குங்களா?"
வாய் முந்திவிட்டது.
அந்தப் பக்கம் சத்தமில்லை.
ஒரு தடவை வந்திருக்கிறது.
எண்ணூறு பீஸ், தோளில் ஊசி ஓட்டை.
அதனால்தான் நான் இங்கே நின்று
பன் அமுக்கிக்கொண்டிருக்கிறேன்.
அவருக்கும் தெரியும்.
"மொளகு கொஞ்சம் தூக்கலாப் போடு" என்று வைத்துவிட்டார்.

தேதியை இரண்டு முறை பார்க்கிறேன்.
ஸ்டிக்கருக்கு அடியில் இன்னொரு ஸ்டிக்கரா என்று
நகத்தால் ஓரம் சுரண்டுகிறேன்.
கீழ்வரிசைக் கவரில் உள்பக்கம் வேர்த்திருக்கிறது,
சூடு ஆறாமல் கட்டியது, நாளைக்கே பூசணம்.
அக்கட்டாலத் தள்ளிவிட்டுக்
கையை உள்ளே விட்டால், சுவரோரம்,
இன்று காலைத் தேதி.
ஆறு ஆறாக ஏழு பாக்கெட்.
எட்டாவதும் எடுக்கிறேன்.
நூற்றுக்கு ஐந்து கூட வெட்டுகிற ஊர் இது.
எனக்கு இரண்டு போதும், ஆறாகத்தான் விற்கிறார்கள்.
தமயந்தி முறைப்பாள். வண்டியில் பாதிப் பணம் அவளுடையது.

எண்ணெய் டின் காலடியில், தக்காளி பின்னால்.
பன் பையை எங்கேயும் வைக்க மனசு வராமல்
கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.
நொய்யல் பாலத்து நெரிசலில்
பக்கத்து வண்டிக்காரர் முழங்கை
நேராக வந்து அதில் பதிந்தது.
இறங்கிப் பார்க்க இடமில்லை.
சிக்னலில் போன் அடித்தது.
"கெடச்சுதா?"
"கெடச்சுது. கல்லக் காய வெய்யி."