உறையாத ஆறு

ஹோவெல், நியூ ஜெர்சி. தை பிறந்து மூன்றாம் வாரம்.
நிலவறைக் குழாய் உறைந்து
சொட்டுத் தண்ணீர் இல்லாத காலையில்
வந்தவன் பெயர் ப்ரெண்ட் புருலோவ்.
முகத்தைப் பார்த்து எந்த ஊர் என்றேன்,
என்னை எல்லாரும் கேட்கிற அதே குரலில்.
"இதே ஊர்தான். கோயிலுக்கு இரண்டு வீடு தள்ளி."
நான் பிள்ளையாரை நினைத்தேன்.
அவன் சொன்னது புத்தரை.

குழாய்க்குச் சூடுகாற்று காட்டியபடி சொன்னான்:
வோல்காவின் இரு கரையிலும் எங்கள் கூடாரங்கள்.
கிழக்கே திரும்பிவிடுவதாக முடிவு.
பனி இறுகியதும் இக்கரைக்காரர்கள்
மந்தையோடு ஆற்றின் மேல் நடந்துவர வேண்டும்.
அந்தக் குளிர்காலம் ஆறு உறையவில்லை.
அக்கரை கிளம்பியது,
வழியெல்லாம் செத்தது.
"நாங்கள் இக்கரை."

பிறகு போர். மூனிக் பக்கம் அகதி முகாம்.
இவர்கள் ஆசியரா ஐரோப்பியரா என்று
வாஷிங்டனில் ஏதோ ஒரு மேசை
யோசித்துக்கொண்டே இருந்தது.
ஐரோப்பியர் என முத்திரை விழுந்த பிறகே கப்பல்.
இன்றும் பள்ளிப் படிவத்தில்
அவன் மகள் எந்தக் கட்டத்தையும் தொடாமல்
ஓரத்தில் குதிரை வரைகிறாளாம்.

"நீ குதிரை ஏறுவாயா?"
"முடி பட்டாலே தும்மல்."

வோல்காவுக்கு உங்கள் பெயர்?
"இஜில்." யோசிக்கவே இல்லை.
தண்ணீருக்கு?

குறடைக் கீழே வைத்தான்.
உதட்டை அசைத்துப் பார்த்தான்.
குழாய் இரண்டு முறை இருமி,
துருவேறிய சிவப்பாய்க் கொட்டத் தொடங்கியது.

ரசீதில் எழுதினான்:
உறைந்தது, ஒன்று.
நூற்றெண்பது டாலர்.