ஏழு புள்ளி

கோட்டையூரில் மழை பிடித்து மூன்று நாள்.
வளவெல்லாம் தண்ணீர்,
தூம்பு வாயில் நனைந்த ராக்கெட் குச்சி.
தீபாவளிக்கு உக்காரை போதும் என்றாள் அண்ணமிண்டி.
பிள்ளைகளுக்குக் கேக்தான் வேண்டுமாம்.

ஓவன் இல்லை.
குக்கரில் மணல் கொட்டி
கேஸ்கெட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.
கவுனி அரிசி மாவு, கருப்பட்டிப் பாகு,
சாதிக்காய் துருவும்போது யாரோ கூப்பிட்டார்கள்.
கரண்ட் போய், கைபேசியும் அணைந்தபின்
மணத்தை வைத்தே மணி பார்த்தேன்.

ஈர்க்குச்சி மூன்றாம் குத்தில்
ஒட்டாமல் வந்தது.
கவிழ்த்தால் ஓர் ஓரம் கருகல்.
அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.

சோலையப்பச் சித்தப்பா விரல் மடக்கினார்:
"நம்ம வீட்டுக்கு ஏழு புள்ளி.
ஏழாப் போடு, சிகப்பி."

கல்யாணமான சோடிக்கு ஒரு புள்ளி.
என் பெயர்
போன தையில்தான்
கோர்ட்டுத் தாளில் தனியாக வந்தது.

கத்தியை நனைத்துக்கொண்டேன்.
குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று,
சாய்வாக இரண்டு.

"ஏழுன்னு சொன்னேனே?"

வட்டத்தை ஏழாக வெட்ட
எனக்கு வராது, சித்தப்பா.

கருகின ஓரம் யார் தட்டுக்குப் போனதென்று
நான் பார்க்கவில்லை.
என்னுடையதில்
சாதிக்காய் கொஞ்சம் தூக்கல்.