2350-இல் ஒரு மேடு

பிப்ரவரியில் கொதிகலன் நின்றுபோன வாரம்.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
எசில் ஆற்றின் மேலேயே லாரிகள் போய்க்கொண்டிருந்தன.
ஆய்வகத்தில் தேநீர்
ஊற்றிய கையோடு ஆறியது.

உறைக்குள் கிடந்த கோதுமை இலைகள் மட்டும்
குளிரை நம்பவில்லை.
ஜூனில் பறித்து, உலர்த்தி, பொடித்து,
பெயர் போய் எண் ஆனவை.
அதற்குள்ளும்
கார்பனும் ஹைட்ரஜனும் கைகோத்த இடமெல்லாம்
நீண்டு சுருங்கிக்கொண்டிருந்தது.
புரதத்தின் முதுகெலும்பு வளைந்து நிமிர்ந்தது.
செல்லுலோஸ், நீண்ட வரிசையில் நிற்பவன்
கால் மாற்றிக்கொள்வதுபோல்
அசைந்தபடியே இருந்தது.
செத்த இலைக்கும் இது உண்டு,
உயிர் கியிர் என்று எழுதிவைக்காதே
என்பாள் தொல்கின்.

தொல்கின் என்றால் கசாக் மொழியில் அலை.
அலைவெண் பார்க்கும் வேலைக்குப்
பெயரைப் பார்த்தா எடுத்தார்கள் என்று கேட்டால்
சிரிக்க மாட்டாள்.
நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள்.

என் வேலை சின்னது.
இலைப்பொடியை உப்போடு அரைத்து
நகமளவு வில்லையாக அழுத்தி
பெட்டியின் கதவைத் திறந்து, வைத்து, மூடி
அகச்சிவப்பை அனுப்ப வேண்டும்.
எந்த அலையை எது விழுங்கியது என்று பார்க்க வேண்டும்.
1650-இல் புரதம்.
2920-இல் இலையின் மெழுகு.
1050-ஐ ஒட்டி செல்லுலோஸின் பருத்த தோள்.
ஜூன் இலையின் இந்த நடுக்கங்கள்
செப்டம்பர் மகசூலைச் சொல்லுமா?
மூன்று வருடமாக இதே கேள்வி.

நாற்பத்தேழாம் பாத்தி, மழையே பார்க்காதது.
அதன் கோட்டில் 2350-இல்
ஓர் இரட்டை மேடு, எங்கள் ஒட்டகத்தின் முதுகுபோல்.
மற்ற பாத்திகளுக்கு அந்த இடம் வெறும் புல்வெளி.

தொல்கின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
மாட்டிய பிறகும் மேடு இருந்தது.
வறட்சியில் பிழைக்க
இலை தனக்கென்று செய்துகொண்ட பொருளோ?
அன்று மாலை எங்கள் இருவருக்கும்
குளிர் தெரியவில்லை.
தலைமை நிலையத்துக்குக் கடிதம் தொடங்கி
'மதிப்புக்குரிய' வரை வந்திருந்தாள்.

எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.
பாடநூலின் ஆரம்பத்திலேயே இருக்கிறது.
ஆசை, அந்தப் பக்கத்தை மட்டும்
ஒட்டிவைத்துவிடும்.

குழாயைச் சூடாக்கிக்கொண்டிருந்த
கொதிகலன்காரர் யாகோவ் ரெய்மர்தான் கேட்டார்:
ஒவ்வொரு தடவையும் அந்தப் பெட்டிக்குள்
ஏன் ஊதுகிறாய்?

ஊதினேனா?
விறைத்த விரல்களுக்கு ஊதினேன்.
கிடுக்கியைப் பிடிக்க விரல் வேண்டுமே.
திறந்த கதவுக்கு நேர் முன்னால்,
ஒவ்வொரு தடவையும்.
மற்ற பாத்திகளையெல்லாம்
கொதிகலன் ஓடும்போதே முடித்திருந்தேன்.

கரியமில வாயு.
என் நெஞ்சிலிருந்து வந்தது.
காற்றில் முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜன்,
இந்த ஒளியின் முன் வாயே திறக்காது.
ஆக்சிஜனும் அப்படியே.
நான் வேண்டாமென்று வெளியே விட்டதுதான்
என்னைக் காட்டிக்கொடுத்தது.
ஆனால் அன்று காலை நான் தின்றது ரொட்டி.
மாவு, போன வருடத்துக் கோதுமை.
ஆகக்கூடி அந்த மேடும் கோதுமைதான்,
கொஞ்சம் சுற்றுவழியில் வந்தது.
இதைத் தொல்கினிடம் சொன்னேன்.
அப்போதுதான் சிரித்தாள்.

அறிக்கையில் ஒரே வரி:
2300 முதல் 2400 வரை நீக்கப்பட்டது.
கடிதத்தின் பின்பக்கத்தில்
உருளைக்கிழங்கு, பல்பு, சலவைத்தூள்.
நாற்பத்தேழு கொடுத்தது எக்டேருக்கு ஆறரை குவிண்டால்.
அதைச் சொல்ல ஒளி தேவைப்படவில்லை.
தராசு முன்பே சொல்லியிருந்தது.

மறுபடி ஜூன்.
பாத்தியில் குனிந்து இலை பறிக்கிறேன்.
பழக்கம் விடவில்லை,
இந்த வெயிலிலும் விரல்களுக்கு ஊதிக்கொள்கிறேன்.
இங்கே யாரும் அதை நீக்கச் சொல்வதில்லை.
கோதுமை எடுத்துக்கொள்கிறதா,
காற்று வடக்கே கொண்டுபோகிறதா, தெரியாது.
மேகம் இல்லை.
உறையில் எழுதுகிறேன்: நாற்பத்தேழு.