தோள் தையல்

லோகிதன்,
நீ என்னைவிட மூன்று மாதம் மூத்தவன்.
ஆனாலும் நேற்றுக் கந்தோரில் கேட்டாய்,
சிரிக்காமல் கேட்டபடியால்
நானும் சிரிக்காமல் எழுதுகிறேன்.

முதலில் தோள்.
சேர்ட்டின் தையல்
உன் எலும்பு முடிகிற இடத்தில் முடியவேண்டும்.
இரண்டு விரல் இறங்கினால்
அது வேறு யாருடையதோ என்று
வாசலிலேயே தெரிந்துவிடும்.
வயிற்றைப் பிடித்துத் தைக்கலாம், கையைக் குறைக்கலாம்.
தோளைத் திருத்தித் தர
என்.சி. வீதியில் ஒருத்தனும் இல்லை.

கச்சான் வீசுகிற மாதங்களில்
இளநீலம் வேண்டாம்.
பத்து மணிக்கே கக்கத்தில்
ஒரு தீவின் படம் கீறிவிடும்.
வெள்ளை இரண்டு போதும்,
ஒன்று உடம்பில், ஒன்று கொடியில்.
கொடியில் போட்டுவிட்டு நித்திரை கொள்ளாதே.
கோட்டைப் பக்கத்து மான்கள் எங்கள் ஒழுங்கைக்கும் வரும்.
போன வருசம் ஒன்று
என் புதுக் கொலரைச் சப்பிக்கொண்டு நின்றது.
பழசு பக்கத்தில்தான் தொங்கியது,
தொடவில்லை.

பெல்ட்டும் சப்பாத்தும் ஒரே நிறமாம்.
சரி, பார்த்துக்கொள்.
ஆனால் உப்புக்காற்றில் பித்தளை பச்சை பிடிக்கும்,
வெள்ளிக்கிழமைகளில் துடை.
சப்பாத்தைத் தினமும் துடை.
காப்புறுதிப் பணத்துக்கு வருகிற மனிசி
உன் முகத்தைப் பார்க்கமாட்டாள்.
படிவத்தில் 'இறந்தவர்' என்ற இடம் வரும்போது
குனிந்துகொள்வாள்.
அவள் கண்ணுக்கு முன்னால் இருப்பது
உன் சப்பாத்து மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை வேறு.
டச்பேயில் அவளோடு நடக்கிறாய் என்றால்
எழுத்துப் போட்ட ரீசேர்ட் வேண்டாம்,
உன் நெஞ்சை வாசிக்க வைக்காதே.
ஜீன்ஸுக்கு மடிப்பு வைத்து மினுக்குகிறாயாமே?
விடு.
சென்ற் ஒருதரம்.
இரண்டாந்தரம் அடித்தால்
உனக்கு முன்னால் அது போய்ச் சேர்ந்துவிடும்.
மணலுக்குச் செருப்பு, சந்திக் கடைக்குச் சாரம்,
அதில் ஒரு குறையும் இல்லை.

தோளை ஏன் முதலில் சொன்னேன் என்றால்,
கடல் ஏறிய வருசம்
பள்ளிக்கூட முகாமில் பொதி அவிழ்த்தார்கள்.
குளிர்தேசத்துக் கோட்டுகள், கழுத்துப்பட்டிகள்,
ஒரு வெள்ளைச் சேர்ட்.
கொலருக்குள் யாரோ ஒருவனின் முதலெழுத்து,
கழுவக் கழுவப் போகவில்லை.
தையல் என் முழங்கைக்குப் பாதி வழியில் கிடந்தது.
அதோடுதான் நேர்முகத்துக்குப் போனேன்.

மூன்று பேர் இருந்தார்கள், நல்ல மனிசர்.
வட்டி வீதம் கேட்டார்கள்,
சரியாகச் சொன்னேன்.
சொல்லச் சொல்ல
மூவரும் என் தோளையே பார்த்தார்கள்.
வேலை கிடைத்தது.
கணக்குக்கா, அந்தத் தையலுக்கா,
இருபது வருசமாக நான் யாரிடமும் கேட்கவில்லை.

சனிக்கிழமை வா, கடைக்குப் போவோம்.
அளவுநாடா வேண்டாம்,
என் சாண் போதும்.

பிற்குறிப்பு:
நேற்று நீ போட்டிருந்த புதுச் சேர்ட்டில்
பின்கழுத்தில் விலைத்துண்டு தொங்கியது.
காலையிலேயே சொல்லியிருக்கலாம்.