ஒரு சாண் வெள்ளம்

கெல்டரிஷில் ஆற்றைப் பார்த்த வீடுகளுக்கு
இடுப்புவரை கருங்கல், மேலே சுண்ணாம்பு.
ட்ஸிர்பெஸ் வீட்டு மூலையில் மட்டும்
ஆள் உயரத்துக்கு மேலே ஒரு கல்.
அதில் ஒரு கோடு, ஓர் ஆண்டு: 1784.
பிப்ரவரியில் பனிப்பாளம் உடைந்து
மோசெல் ஏறிவந்து நின்ற இடம்.

படகில் வரும் பயணிகள்
அதன் கீழே நின்று கையை உயர்த்திப் படம் எடுப்பார்கள்.
அக்கரை ஓம்பெர்னிலும் ஒரு கோடு உண்டு.
ஆற்றிலிருந்து அளந்தால் ஒரு சாண் தாழ்வு.
அந்தச் சாணுக்காகத் தலைமுறை தலைமுறையாய்க் கேலி:
"உங்கள் ஊருக்கு வர வெள்ளத்துக்கே மனசில்லை."
நான் ஓம்பெர்ன்காரன்.
கொத்தன்.

கல் ஆடுகிறது, காரை உப்பி உதிர்கிறது,
அறுவடை விழாவுக்குள் முடிக்க வேண்டும் என்று
என்னைத்தான் கூப்பிட்டார்கள்.
குறைந்த விலை சொன்னவன் நான்.

மேலே செங்குத்துச் சரிவில் பறிப்பு தொடங்கியிருந்தது.
ஸ்லேட் சில்லுகள் காலடியில் நொறுங்க
ருமேனியாக்காரர்கள் எதற்கோ சிரித்தபடி இருந்தார்கள்.
ரீஸ்லிங் பெட்டிகள் ஒற்றைத் தண்டவாளத்தில்
முனகிக்கொண்டு இறங்கின.
பக்கத்துச் சந்து வாசலில் துடைப்பம் தொங்கியது:
புது ஒயின் வந்துவிட்டது, உள்ளே வா என்று பொருள்.
போகவில்லை. ஏணி வேலை.

நெம்பினேன். கல் வந்தது, கடைவாய்ப் பல் போல.
அதற்கு ஒரு வரிசை கீழே, காரை உரித்த இடத்தில்,
பக்கத்துக் கல்லில் விரல் நீளத்துக்கு ஒரு கோடு.
எங்கிருந்தும் வராமல்
எங்கும் போகாமல்.

சிமெண்டுப் பையைக் கிழித்து
எடுத்த கல்லின்மேல் விரித்துப் பென்சிலால் தேய்த்தேன்.
அந்தத் தாளை ஒரு வரிசை கீழே பிடித்தேன்.
கோடும் கோடும் பொருந்தின.
உளி தடுமாறிய அதே சிறு நெளிவுகூட.

1831இல் வீடு எரிந்தது என்று ஊர்ப் பலகையிலேயே இருக்கிறது.
திரும்பக் கட்டியவன் சன்னலுக்கு இடம் பார்த்துக்
கல்லை ஒரு வரிசை ஏற்றியிருக்கிறான்.
கள்ளம் ஒன்றுமில்லை, பசி நேரமாக இருந்திருக்கும்.
அவனோடு தண்ணீரும் ஏறிவிட்டது.

மரபுச் சங்கத் தலைவர் ஹாஉப்ஸ்,
ஓய்வுபெற்ற பல் மருத்துவர்,
ஏணியில் நடுங்கி ஏறி மூன்று முறை பார்த்தார்.
"கையேடு அச்சாகிவிட்டது" என்றார்.
"நாலாயிரம் பிரதி."

கூட்டம் துடைப்பம் தொங்கிய வீட்டில்.
வெங்காய அடையும் கலங்கிய இளம் ஒயினும்.
என்னையும் உட்காரவைத்தார்கள், சாட்சியாக.
இவ்வாண்டு ஒயின் ராணி யூடித், கிரீடத்தை மேசையில் கழற்றிவைத்து,
"இறக்குங்கள்" என்றாள். "புட்டியில் பொய் ஒட்டினால் அபராதம் போடுகிறோம்."
ஒருவர் இருமினார்.
ஒருவர் ஓம்பெர்ன்காரன் சொல்லை எப்படி நம்புவது என்றார்,
என் கோப்பையை நிரப்பிக்கொண்டே.

வீட்டுக்காரி இர்ம்ட்ரௌட் கடைசியில்தான் பேசினாள்.
"தொண்ணூற்று மூன்று கிறிஸ்துமஸில்
என் நிலவறைப் பீப்பாய்கள் மிதந்து கூரையை முட்டின.
ராத்திரி முழுக்க அந்தச் சத்தம், டொம் டொம் என்று.
அதற்கு ஒருவரும் கோடு போடவில்லை.
தலைக்கு மேல் போனபின் சாண் என்ன, முழம் என்ன?
பூசிவிட்டுப் போகச் சொல்லுங்கள், குளிர் உள்ளே வருகிறது."

ஆறுக்கு ஐந்து. இருந்தபடியே இருக்கட்டும்.
ஐந்தில் ஒன்று ஹாஉப்ஸுடையது.
அதை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் கல்லை மேலேயே பதித்தேன்.
விரல் நீளக் கோட்டின்மேல் சுண்ணாம்புக் காரை,
இரண்டு பூச்சு.
பட்டியலில் எழுதினேன்: கல் ஒன்று,
எடுத்தது, வைத்தது, முந்நூற்று நாற்பது யூரோ, வரி தனி.

இரவு ஓம்பெர்னில், இர்ம்ட்ரௌட் கொடுத்த புட்டியைத் திறந்தபோது
அக்கரையில் என்ன வேலை என்று கேட்டார்கள்.
சட்டைப்பையில் தாள் மடிந்து கிடந்தது.
"கல் ஆடியது" என்றேன்.
"இப்போது?"
"வாக்கெடுத்து நிறுத்திவிட்டார்கள்."